"வேண்டாம்மா, பெரிய டாக்டர் பார்க்கட்டும்"

(மருத்துவர் தினமான ஜூலை 1 மாலை நம் சங்கக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார் செயலாளர்.)

இன்று டாக்டர் பி.சி. ராய் பிறந்த நாள். 1882 ஜூலை 1-ல் பிறந்தவர், 1962-ல் அதே ஜூலை 1-ல் காலமானார். நம் குடியிருப்பில் உள்ள டாக்டர்களுக்கு முதலில் வாழ்த்துகள். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அதனால் வைத்தியம் பேச மாட்டேன், பயப்படாதீர்கள். டாக்டர்கள் எப்படி உருவாகிறார்கள், அதில் உங்களுக்கும் எனக்கும் என்ன வேலை, அதை மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருந்தேன். காலையில் பேராசிரியர் வந்தார், பின்னால் ஏழெட்டு மாணவர்கள். அவர் பார்த்துவிட்டு நகர்ந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி, "அங்கிள், நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, பெரிய டாக்டர் பார்த்துட்டார் இல்லையா" என்றேன். "சாரி அங்கிள்" என்றவள், போகும்போது என் கட்டில் திரையை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் கேஷ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் வரிசை பக்கத்துக் கவுண்டருக்கு நகர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. "நிதானமா எண்ணு தம்பி" என்றார். மூன்று தடவை எண்ணினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

என் அக்கா பேத்தி எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர் வேலை என்கிற கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் 2019-ல் பாடத்திட்டம் மாறியிருக்கிறது. முன்பு முதல் வருஷம் முழுக்கப் புத்தகமும் பிணவறையும்தான். இப்போது முதல் வருஷத்திலேயே நோயாளிகளைக் காட்டுகிறார்கள். நடத்தை, நெறி, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் தனிப் பாடம். அதில் ஒரு பகுதியின் தலைப்பே 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன' என்பதுதான். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஊசி போடப் பழக ரப்பர் கை இருக்கிறது. நின்ற இதயத்தை அழுத்திப் பழக, பிரசவம் பார்த்துப் பழக எல்லாம் பொம்மைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டி, ஆசிரியரிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மேலதிகாரி இனிஷியல் இல்லாமல் வவுச்சர் நகராத இடத்தில் இருந்தவனுக்கு இது மிகவும் பிடித்தது. நோயாளியாக நடிக்க ஆள் வைத்துச் சொல்லித் தருவதும் உண்டு. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கி வைத்தது அது.

இவ்வளவு இருந்தும் போதாது என்கிறாள் அவள். பொம்மைக்கு வலிக்காது. "எனக்கு சுகர் எல்லாம் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு அது மைசூர்பாகு சாப்பிடாது. வீங்கிய வயிறு விரலுக்கு எப்படித் தெரியும் என்பதை வீங்கிய வயிறுதான் கற்றுத் தர முடியும்.

அந்த வயிறு யாருடையது? பெரும்பாலும் அரசு மருத்துவமனைப் பொது வார்டில் படுத்திருப்பவருடையது. நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் பழகுவது ஏழை உடம்பில். பழகி முடித்தபின் இன்சூரன்ஸ் கார்டோடு, தனி அறையில், அனுபவசாலி டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பது நாம். இந்தக் கணக்கில் பற்று ஒருவருக்கு, வரவு இன்னொருவருக்கு. வேண்டாம் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வலி தாங்க முடியாத நேரத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அன்று வலியே இல்லை.

இன்னொன்று. முதல் வருஷப் பாடத்தில் 'சடலம், நம் முதல் ஆசிரியர்' என்று ஒரு பகுதி இருக்கிறதாம். உடலைத் தொடும் முன் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஜோதி பாசு 2010-லும், சீதாராம் யெச்சூரி 2024-லும் மறைந்தபோது உடல்கள் மருத்துவ நிறுவனங்களுக்குத்தான் போயின. அரசியலை விடுங்கள், காரியத்தைப் பாருங்கள்.

நான் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கே நேரில் போய் விசாரித்தேன். நாம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. நாம் போன பிறகு வீட்டார் சம்மதித்து ஒப்படைத்தால்தான் நடக்கும். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய் இருந்த உடலையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாமதம் கூடாது. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் தனியாகத் தானம் செய்யலாம், அதனால் உடல் தானம் தடைபடாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை இப்போதே பேசிவிடுவது நல்லது. "நான் வரும்வரை ஐஸ் பெட்டியில் வையுங்கள்" என்று போன் வந்தால் அதோடு முடிந்தது.

நான் படிவத்தை நிரப்பிவிட்டேன். உறவினர் இருவர் கையெழுத்து வேண்டும். மகன் போட்டுவிட்டான், ஒரு வாரம் யோசித்த பிறகு. என் மனைவி, "காரியம் பண்ணாம எப்படி" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் கட்டாயப்படுத்தவும் இல்லை. படிவம் டிவி ஸ்டாண்டு மேல்தான் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், யாரோ அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்து, காற்றில் பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெற்றுப் படிவங்கள் பத்து நகல் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.