கோதுமை நிலத்துக் கணக்கும் நெல் வயலும்



இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பாக் எனும் கோதுமை நிலம் உள்ளது. ஜான் பென்னட் லாஸ் என்ற பண்ணை உரிமையாளரும், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியல் அறிஞரும் 1843-இல் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பகுதிக்குத் தொழுவுரம், சில பகுதிகளுக்கு இரசாயன உரம், இன்னொரு பகுதிக்கு எதுவுமே இல்லை. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. அவ்வப்போது எடுத்த மண்ணையும் புட்டிகளில் அடைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

எதற்கு இவ்வளவு பொறுமை? மண்ணில் கார்பன் கூடியதா, குறைந்ததா என்பது ஓரிரு ஆண்டுகளில் தெரியாது. மாற்றம் அவ்வளவு சிறியது. அதனால்தான் கணினியின் துணை தேவைப்பட்டது. ஜென்கின்சன், ரேனர் இருவரும் 1977-இல் இந்தப் பழைய பதிவுகளைக் கொண்டு ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 'ரோத்-சி' எனும் கணினி மாதிரி.

இது ஒரு வரவு செலவுப் புத்தகம் போன்றதுதான். வேரும் தாளும் எருவும் வரவு. நுண்ணுயிர்கள் அவற்றை மக்கச் செய்து கரியமில வாயுவாக வெளியேற்றுவது செலவு. மாதந்தோறும் வெப்பம், மழை, நீர் ஆவியாகும் அளவு, மண்ணிலுள்ள களிமண் விகிதம், நிலத்தில் பயிர் இருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். மண்ணிலுள்ள கார்பனை ஐந்து பிரிவாக்கி மாதிரி கணக்குப் போடும். இளந்தாள் சில மாதங்களில் மக்கிவிடும். மட்கோ இங்கிலாந்துக் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடுதான் கரையும்.

இதே கணக்கை ஜப்பானிய நெல் வயலுக்குக் கொண்டுபோனபோதுதான் சிக்கல் வந்தது. மாதிரி சொன்னதைவிட மண்ணில் கார்பன் அதிகமாக இருந்தது. கெடா மாநிலத்து வயல்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் எளிதில் புரியும். நெல் தண்ணீரில் நிற்கும் பயிர். தண்ணீருக்கு அடியில் உயிர்வாயு கிடைக்காததால் மக்கும் வேலை மந்தமாகிறது. கோதுமை நிலத்தில் பிறந்த மாதிரிக்கு அது தெரியாது.

ஷிராட்டோ, யொக்கோசாவா இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த மக்கும் வேகத்தையே மாற்றினார்கள். நெல் பருவத்தில் 0.2 மடங்கு, மற்ற மாதங்களில் 0.6 மடங்கு. அதன்பின் கணக்கு, வயலில் அளந்ததற்கு நெருங்கி வந்தது. வயலில் தண்ணீர் வடிந்த பிறகும் வேகம் முழுமையாகத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட விவகாரம் அல்ல. ஜப்பான் தன் பசுமைக்குடில் வாயுக் கணக்கை உலகுக்கு அறிவிக்கும்போது, திருத்தப்பட்ட ரோத்-சி மாதிரியைத்தான் பயன்படுத்துகிறது. எண் தவறினால் நாட்டின் கணக்கே தவறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வைக்கோலை வயலில் உழுதுவிட்டால் மண்ணில் கார்பன் சேரும். ஆனால் தேங்கிய நீரிலிருந்து மீத்தேன் வாயுவும் கூடுதலாக வரும். ரோத்-சி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மீத்தேனைக் குறைக்க, பருவத்தின் நடுவே வயலைக் கூடுதலாக 7 நாள் காயவிடும் விவசாயிகள் கார்பன் வரவு பெறும் முறையை ஜப்பான் 2023-இல் ஏற்றது. நீர் நிற்கும் நாட்கள் இப்படிக் குறைந்துகொண்டே போனால், அந்த 0.2 என்ற எண்ணையும் வயலில் மறுபடி அளந்துதான் சரிபார்க்க வேண்டும்.