பிடிக்குள் மறைந்த பெயர்



பத்தாண்டு நிறைவு விழாவில் நான் கவிதை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வாள்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டோக்கியோ சென்றிருந்தேன். ஷிம்பாஷிப் பகுதியில் ஆண்டுதோறும் 'தாய் தோக்கென் இச்சி' என்னும் பெரிய வாள் சந்தை நடைபெறுகிறது. அங்கே வாழும் நண்பர் ஒருவர் என்னை அதற்கு அழைத்துச் சென்றார். போர்க்கருவிகளின் ஆரவாரத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றமே. கூட்டம் இருந்தது, குரல்தான் உயரவில்லை. வணிகர்களின் மேசைகள்தோறும் வாளை விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்து நோக்கும் முதியவர்கள். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பதிவுச் சீட்டு உண்டு. அஃதின்றி அந்நாட்டில் வாள் வைத்திருத்தல் குற்றம்.

வாளைக் கையில் வாங்குமுன் தலை வணங்க வேண்டும். எஃகை விரலால் தொடலாகாது. அதன்மேல் குனிந்து பேசவும் கூடாது. வாயின் ஈரம் துரு ஏற்றிவிடும். மேடைப் பேச்சாளனாகிய எனக்கு இது கடினமான விதி!

எஃகைப் பலமுறை மடித்து அடித்ததால் அதன் உடலில் மரவரி போன்ற கோலம் எழுகிறது. களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்ப்பதால் வாயோரத்தில் வெண்பனி படிந்தாற்போல் ஓர் அலைக்கோடு தோன்றுகிறது. அதற்கு 'ஹாமோன்' என்று பெயர். இவ்விரண்டையும் கொண்டே வல்லுநர்கள் வாளைப் படிக்கிறார்கள். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பதோ பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில். மூங்கில் ஆணியைக் கழற்றிப் பிடியை உருவினால்தான் அது தெரியும். அப்பகுதியின் துருவை எவரும் துடைப்பதில்லை. துருவின் நிறமே வயதுக்குச் சாட்சி. பிற்காலத்தில் நீள வாள்களை அடியிலிருந்து வெட்டிக் குறுக்கியபோது பெயர்கள் பல அதனோடு போயின. புகழின் உச்சியிலுள்ள மசமுனேயின் கையொப்பம் தாங்கிய படைப்புகளே மிக அரியவை.

'காந்தேய்' என்றொரு பயிற்சி உண்டு. பெயருள்ள பகுதியை மூடிவிட்டு, வாளை மட்டும் காட்டி, செய்தவர் யார் என்று எழுதித் தரச் சொல்வார்கள். சீடனுக்குப் பதில் ஆசானின் பெயரை எழுதினால் 'ஏறத்தாழச் சரி' என்று ஏற்பதும் உண்டு.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வாளை அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கொல்லர் ஒருவருடையதாகக் கருதப்படுவது என்று நண்பர் காதோடு சொன்னார். மறுபடி ஐந்து நிமிடம் பார்த்தேன். முன்பு காணாத அழகெல்லாம் கண்டேன்! வெட்கமாயிற்று. கவிதைக்கு அடியிலுள்ள பெயரைப் படித்துவிட்டு மேலேறும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

சந்தையில் வீட்டு வாள்களை மதிப்பிட்டுச் சொல்லும் இடமும் இருந்தது. மூதாட்டி ஒருவர் மறைந்த கணவரின் வாளைக் கொணர்ந்திருந்தார். மதிப்பீட்டாளர் நெடுநேரம் நோக்கினார். வாள் நல்ல வாள். பொறித்த பெயர் பொய் என்றார். 1948இல் நிறுவப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பொய்ப்பெயர் தாங்கிய வாளுக்குச் சான்று தருவதில்லை. அப்பெயரை நீக்கிவிட்டால் பெயரற்ற நல்ல வாளாகச் சான்று பெற வாய்ப்புண்டு என்றும் எடுத்துரைத்தார். நண்பர் எனக்கு மெல்ல மொழிபெயர்த்தார்.

அம்மூதாட்டி உடனே விடை கூறவில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கணவர் விருந்தினர்க்கு அதைக் காட்டுவார் என்றார். பிறகு வாளைப் பட்டுறையில் இட்டு, கயிற்றை மெதுவாகக் கட்டி, எல்லோரையும் வணங்கிவிட்டுக் கூட்டத்தினூடே நடந்து போனார்.