எரிக்காமல் எங்கே போடுவது?

(கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், சனிக்கிழமைதோறும் மாணவர்களுக்குத் தன்னார்வமாகப் பாடம் நடத்திய பல்கலைக்கழக மாணவி ஒருவர், பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



இயற்கை வளத்தை வீணாக்காமல், நாளைய தலைமுறைக்கும் அது எஞ்சியிருக்கும் வண்ணம் அன்றாடம் வாழ்வது எப்படி என்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே நான் இங்கு வந்தேன். ஆயினும், கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே மிகுதி. என் தவறு ஒன்றிலிருந்தே அது தொடங்கியது. ஆகையால் அதனையே முதலில் கூறிவிடுகிறேன்.

இரண்டாம் வாரப் பாடத்தில், "உங்கள் வீட்டுக் குப்பையை என்ன செய்கிறீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஏறக்குறைய எல்லாருமே, "எரிக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப் புகை எழும் என்றும், அது சிறு குழந்தைகளின் நுரையீரலைக் கெடுக்கும் என்றும், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது என்றும் விளக்கினேன். நான் கூறியவை யாவும் உண்மையே. ஆனால் பாடத்தை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

அன்று மாலை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் வீட்டின் பின்புறம் எரிந்துகொண்டிருந்த குப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்திருக்கிறாள். அவளுடைய தம்பிக்கு மூச்சிரைப்பு உண்டு. உருகிய பிளாஸ்டிக் ஒட்டி அவளது இரு விரல்கள் வெந்துபோயின. மறுவாரம் அவளுடைய தாயார் ஒரு பை நிறையக் குப்பையுடன் வகுப்பறை வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. "டீச்சர், எரிக்கக் கூடாது என்கிறீர்கள், சரி. குப்பை வண்டி பெரிய சாலையோடு திரும்பிவிடுகிறது; தோட்டத்துக்குள் வருவதில்லை. எரிக்காமல் இதை எங்கே போடுவது? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை.

அன்பர்களே, வழி காட்டாமல் தடை மட்டும் விதிப்பது கல்வியாகாது. குப்பையைப் பிறப்பிடத்திலேயே தரம்பிரிக்கும் முறை, நம் கெடா உட்படச் சில மாநிலங்களில் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கட்டாயமாக்கப்பட்டது. அதனைச் சுவரொட்டியில் படித்திருந்தேன். வண்டி வராத இடத்தில் அதனை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே அத்தாயார் கொண்டுவந்த பையையே எங்கள் அடுத்த பாடமாக்கிக்கொண்டோம். பிள்ளைகள் கையுறை அணிந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதனை மூன்று குவியலாகப் பிரித்தார்கள்.

முதற் குவியல் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. பெரிய குவியலும் இதுவே. பள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் குழி தோண்டி, ரப்பர் மரங்கள் உதிர்த்த காய்ந்த இலைகளை அடியில் பரப்பி, அதன்மேல் சமையற்கழிவு, பின்னர் மண் என்று அடுக்கடுக்காக இட்டோம். மீன், இறைச்சிக் கழிவுகளைப் போடலாகாது, எலி வரும். ஈரம் காய்ந்துவிடாமல் நீர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் கரிய எரு கிடைக்கும். வாசலில் செழித்து நிற்கும் கத்தரியும் வெண்டையும் அந்த எருவில் வளர்ந்தவையே.

இரண்டாம் குவியல் தகர டின், அலுமினியக் கலம், புட்டி, தாள். இவற்றைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழஞ்சாமான் வியாபாரி விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறார். அந்தப் பணம் பள்ளி நூலகத்துக்குச் செல்கிறது.

மூன்றாம் குவியல், எதற்கும் உதவாத எச்சம். அத்தாயாரின் பையில் அது ஒரு கையளவே இருந்தது! இதனை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, வாரம் ஒருமுறை டிராக்டரில் பெரிய சாலைக்கு அனுப்பிவைக்கத் தோட்ட நிர்வாகி இசைந்துள்ளார். தலைமையாசிரியரும் பெற்றோர் சிலரும் நேரில் சென்று கேட்டதன் பலன் அது.

மற்றுமொரு பாடத்தை ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளரான பெரியவர் ஒருவர் எங்களுக்கு நடத்தினார். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, வெட்டாமல் விடப்பட்ட மரம் ஒன்றில் மழைநீர் தேங்கிய மங்கைக் காட்டினார். அதனுள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "வெட்டாத மரத்தில் மங்கைக் கவிழ்த்து வை, அம்மா. எங்கள் காலத்திலிருந்தே அதுதான் பழக்கம்" என்றார். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும். முட்டைகளோ, நீர் வற்றிய பின்னரும் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கலத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

அப்போது ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. வீணாக்காமல் வாழும் கலை நகரத்திலிருந்து நான் கொண்டுவந்த புதுமையன்று. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும், மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் சிந்தாமல் சேர்த்து விற்பவர்கள் நீங்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை 1970களின் இறுதிவரை பெரும்பாலும் விறகாகவே எரித்தார்கள். பின்னர் அது நாற்காலியும் மேசையுமாகி, நம் நாட்டிற்கு ஏற்றுமதி வருவாய் ஈட்டித் தருகிறது. குப்பை என்று நாம் ஒதுக்குவதன் மதிப்பு, அதனைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளும்போதே புலனாகிறது. தூக்குச்சட்டியில் உணவு கொண்டுசென்ற பழக்கம் உங்கள் பெற்றோருடையது. அதனை விட்டுப் பிளாஸ்டிக் பொட்டலத்துக்கு மாறியது அண்மைக்காலத்தில்தான். திரும்பிச் செல்வது கடினமன்று.

இன்னும் சில நாட்களில் என் பணி முடிந்து பல்கலைக்கழகம் திரும்புகிறேன். நான் சென்றபின் அந்தக் குழி தூர்ந்துவிடலாகாது. ஆகையால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். வாரம் ஒருநாள், வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைப் பிள்ளைகளுடன் சேர்ந்து அகற்றுங்கள். பீப்பாய் நிரம்பியும் டிராக்டர் வராவிடில், வாளாவிருந்து விடாமல் நிர்வாகத்தை நாடிக் கேளுங்கள். தூய்மையான சுற்றுப்புறம் உங்கள் கடமை மட்டுமன்று, உங்கள் உரிமையுமாகும்.

அந்தச் சிறுமியின் விரல்கள் ஆறிவிட்டன. வெள்ளைத் தழும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. இப்போது எருக்குழிக்குப் பொறுப்பாளர் அவளே. நாளை உங்கள் பிள்ளை வந்து, "இதை எரிக்க வேண்டாம் அம்மா" என்று கூறினால், "எங்கே போடுவது?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு விடை அவர்களிடம் இருக்கிறது.