பச்சைப் பாசியின் சாறு

இன்று கடல்பாசியைப் பற்றி ஒரு தகவல்.

ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் நிற்க ஒரு பசைப்பொருள் சேர்ப்பார்கள். கேராஜீனன் என்று பெயர். பல பற்பசைகளிலும் அது உண்டு. அது கிடைப்பது சில வகைக் கடல்பாசிகளில்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் பக்கம், மீனவப் பெண்கள் அப்படி ஒரு பாசியை வளர்க்கிறார்கள். மூங்கில் மிதவை. அதில் கயிறு. கயிற்றில் பாசித் துண்டுகள். 45 நாளில் அறுவடை. உரம் வேண்டாம். நல்ல தண்ணீரும் வேண்டாம். ஆனால் இடுப்பளவு உப்புத்தண்ணீரில் நின்று செய்கிற கடினமான வேலை.

முன்பு பாசியை அப்படியே வெயிலில் காயவைத்தார்கள். அதிலிருந்த சாறு வீணாய்ப் போனது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பச்சையாகவே பிழியுங்கள் என்றார்கள். கரும்பைப் பிழிகிற மாதிரிதான். சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். சாற்றைத் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். சக்கையில் கேராஜீனன் எடுக்கலாம். ஒரே பாசி, இரண்டு பயன்.

விஞ்ஞானிகள் வழி சொன்னார்கள். கடலில் இறங்கி வளர்த்துக் காட்டியவர்கள் பெண்கள். இரு தரப்பினரின் பங்கும் இந்தத் தொழிலில் உண்டு.

ஒரு கவலையும் உண்டு. இவர்கள் வளர்ப்பது வெளிநாட்டுப் பாசி. அருகிலுள்ள குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறைகள்மேல் படர்ந்து அவற்றை மூடியது. பவளப்பாறை அழிந்தால் மீன் குஞ்சுகளுக்கு ஏது இடம்? ஆகவே தீவுகளைவிட்டுத் தள்ளி வளர்ப்பதும், கஞ்சிப்பாசி போன்ற நம் கடல் பாசிகளை வளர்ப்பதும் அவசியம்.