வகுப்பறைக்கு வெளியே ஏழு நாட்கள்



பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நாம், அவர்கள் பட்டம் பெறுவதோடு கல்வி நிறைவுற்றதாகக் கொள்ளலாமா என்று சற்றே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

காந்தியடிகளின் நூற்றாண்டை நாடு கொண்டாடிய 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்று 37 பல்கலைக்கழகங்களைச் சார்ந்த 40,000 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதோடு, தத்தெடுத்த சிற்றூரில் ஏழு நாள் முகாமிலும் பங்குபெற வேண்டும் என்பது முறை.

அந்த ஏழு நாட்களில் வேதியியல் மாணவன் ஊர்க் கிணற்று நீரின் உப்பைச் சோதித்துப் பார்க்கிறான். அதைக் குடிப்பவர்களின் முகத்தையும் பார்க்கிறான். வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பொருளியல் மாணவி, கைநாட்டு வைக்கும் ஒரு தாய் தன் கடனுக்கான வட்டியை மனக்கணக்காகவே சொல்லக் கேட்டு வியக்கிறாள். ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கையில், சாதியும் வசதியும் எழுப்பிய சுவர்கள் சிறிதேனும் தளர்கின்றன.

ஆனால், ஊராரைக் கேளாமல் மரக்கன்று நட்டு, புகைப்படம் எடுத்து, சான்றிதழோடு திரும்புவது கல்வியாகாது. கோடையில் அக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று அவர்களோடு கலந்து பேசுவதே கல்வி. கொடுக்கச் செல்கிறோம் என்பதைவிட, கற்கச் செல்கிறோம் என்ற எண்ணமே மாணவர்க்கு வேண்டும்.

பெற்றோரே, 'படிப்புக் கெட்டுவிடும்', 'வயது வந்த பெண்ணை வெளியூரில் தங்க விடுவதா?' என்று நாம் தயங்குகிறோம். இத்தயக்கம் இயல்பே. தங்குமிடம் எது, உடன் செல்லும் பேராசிரியை யார் என்று கல்லூரியில் கேட்டறிவது நம் உரிமை. கேட்டுத் தெளிந்தபின், மகனை அனுப்பி மகளை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். நம் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவளே. நாளை ஆசிரியையாகவோ செவிலியாகவோ அறிமுகமற்ற மக்களிடையே பணிபுரிய வேண்டியவளுக்குத் துணிவு பழக்கத்தால் வருமேயன்றிப் பாடநூலால் வராது.

மாணவச் செல்வங்களே, முகாம் முடிந்து வீடு திரும்பியதும், நீங்கள் செய்தவற்றைச் சொல்லுமுன் கற்றவற்றைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் தங்கையை அனுப்ப வீட்டார் தாமே முன்வருவர்.