வளைவில் சாய்ந்தவர்கள்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய பெண்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் சற்றே திகைத்தார். பொன்மலைப் பணிமனையில் சக்கரங்களோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

நம் ரயில் சக்கரத்துக்கு விளிம்பு உண்டு. வளைவில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தியும் வைக்கிறோம். பந்தய மோட்டார் சைக்கிளுக்கு இவ்விரண்டும் இல்லை. உள்ளங்கை அளவு ரப்பர் தரையைப் பற்றியிருக்க, ஓட்டுபவர் உடலை வளைவின் உட்புறம் இறக்கி, முழங்கால் தரையை உரசும்படி சாய்ந்து கடக்கிறார். வலிமை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே பிரேக்கை விடுவது, எவ்வளவு சாய்வது என்னும் கணக்கில்தான் வெற்றி இருக்கிறது.

சென்னையில் 1989ஆம் ஆண்டு பிறந்த அலிஷா அப்துல்லா இக்கணக்கை வீட்டிலேயே கற்றவர். தந்தை ஆர்.ஏ. அப்துல்லா பலமுறை தேசிய வாகையர். சிறுமியாக இருக்கையில் கோகார்ட் ஓட்டத் தொடங்கிய மகள், பின்னர் 600 சி.சி. சூப்பர் பைக்கில் ஆடவரோடு களமிறங்கினார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறிய பிறகு வந்த தலைமுறை அது. அந்த வரிசையில் பெண் அவர் ஒருவரே. பிற்பாடு கார்ப் பந்தயத்துக்குச் சென்றார். பெண்களுக்கெனப் பயிற்சிக் கூடமும் அமைத்தார்.

அந்தத் தனிமையின் வரலாறு நீண்டது. 1962இல் மான் தீவுப் பந்தயத்தில் பெரில் ஸ்வைன் என்னும் ஆங்கிலேயப் பெண் 50 சி.சி. வண்டியில் தனித்து ஓடி, 22ஆவதாக வந்து முடித்தார். மலைப்பாதை ஒரு சுற்றே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு அவருடைய பன்னாட்டு உரிமம் பறிபோயிற்று. பெண்ணொருத்தி களத்தில் மாண்டால் விளையாட்டுக்கு இழுக்கு என்று அஞ்சினார்களாம். ஆண்கள் மாண்டபோது அந்த இழுக்கு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஸ்பெயினின் ஆனா கராஸ்கோவைப் பாருங்கள். 2018இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை ஆடவரோடு மோதி, ஒரே ஒரு புள்ளியில் வென்றார். தனியாள் மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. 2020இல் பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. 2021இல் திரும்பி வந்து இத்தாலியின் மிசானோவில் வென்றார். 2024இல் பெண்களுக்கெனத் தனி உலகப் போட்டி தொடங்கியபோது அதன் முதற்பட்டமும் அவருக்கே. இரு பட்டங்களில் எது பெரிது? முதலாவதே என்பேன்.

ஆயினும் தனிப் பிரிவை இகழ எனக்கு மனமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பெண்கள் பிரிவு இருந்ததனால்தான் ஆன் ஜெனிஃபர், ரிஹானா பீ போன்ற சென்னைப் பெண்கள் ஓட வந்தார்கள். தந்தை பந்தய வீரராக அமையாத பெண்ணுக்கு வேறு வாயில் ஏது? வாயில் வேண்டும், அதையே வீடென்று சொல்லி அங்கேயே உட்கார வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? பத்தாண்டுகளாக ஆண்டுக்கொரு மகளிர் கவியரங்கம் நடத்துகிறோம். மூன்றாம் ஆண்டில் அதைத் தொடங்கலாம் என்று முன்மொழிந்தவர்களில் நானும்—இல்லை, தவறு, முதல் ஆண்டிலேயே முன்மொழிந்தோம். அவ்வளவு பெருமை எனக்கு அதில். அந்த மேடையில் பாடிய நம் சகோதரிகள் மற்ற பதினொரு மாதமும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்ததை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. சென்ற மார்கழியில் ஒரு சகோதரி, “ஐயா, என் கவிதையை எந்தக் கவிதையோடு வைத்துப் பார்த்து நன்று என்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை.

வருகின்ற தைக் கவியரங்கத்துக்குப் பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அமைக்கும்படி செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மகளிர் கவியரங்கமும் தொடரட்டும். பட்டியலில் என் பெயர் பின்னே தள்ளிப் போகும், பரவாயில்லை.