கடற்கரை முதல் கடற்கரை வரை

1976. அமெரிக்கா தன் 200-வது பிறந்தநாளைக் கொண்டாடிய ஆண்டு. அந்தக் கோடையில் சுமார் 4,000 பேர் சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள்! மேற்கே ஓரிகான் கரையிலிருந்து கிழக்கே வர்ஜீனியா கரை வரை, ஏறக்குறைய 6,800 கிலோமீட்டர். முழுத் தூரத்தையும் மிதித்து முடித்தவர்கள் சுமார் 2,000 பேர். திட்டம் போட்டவர்கள் சிப்பிள், பர்டன் என்ற இரண்டு இளம் தம்பதிகள்.

கூடாரம், பாத்திரம், பஞ்சர் சாமான் எல்லாம் சக்கரத்தின் இருபுறமும் பைகளில். வழியில் கொலராடோவின் ஹூசியர் கணவாய், 3,500 மீட்டர் உயரம். எனக்கென்னவோ கான்சாஸ் சமவெளிதான் பெரிய சோதனையாகத் தெரிகிறது. மேடு குறைவு, காற்றுதான் ஆளைத் தள்ளும். கூட்டாளிகள் கைகொடுப்பது அங்கேதான். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வருகிறவருக்கு மிதிப்பது நன்றாகவே இலேசாகும். முன்னவர் களைத்தால் ஒதுங்கிக் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முன்னே போவார். இப்படியே மாறி மாறி, மாநிலம் முழுக்க!

அந்தப் பாதையில் இன்றைக்கும் கோடைதோறும் சைக்கிள்கள் போகின்றன.